தண்ணீருக்குப் போகாத சிவப்பு

அத்தியாயம் 17

ஓலை எரிகிற மணத்தில்தான் சத்தியபாமாவுக்கு விழிப்பு வந்தது.

கூரைக் கிடுகு எரிந்தால் ஒரு மணம். காவோலை எரிந்தால் வேறொரு மணம். பெட்டி இழைக்கிற, சாயம் ஏறிய சார்வோலை எரிந்தால் மூக்கின் அடியில் கசப்பாக ஒன்று ஒட்டிக்கொள்ளும். இது அந்தக் கசப்பு. எழும்பி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குசினிக்கு விரைந்தாள்.

அடுப்புக்கு முன்னால் பரராசசிங்கம் குந்தியிருந்தார்.

எழுபத்தொரு வயது மனிதர். தேத்தண்ணி வேண்டுமென்றால் கதிரையில் இருந்தபடி குரல் கொடுப்பாரே ஒழிய, குசினிப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. இன்றைக்கு விடிய முன்னமே தானாக அடுப்பை மூட்டி, ஒரு கட்டு ஓலையை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்.

"என்ன எரிக்கிறியள்?"

"குப்பை."

திரும்பிப் பார்க்காமல் சொன்னார். அவருடைய காலடியில் ஒரு வெறுங்கம்பி கிடந்தது.

இனிப்புக் கொட்டிலுக்கு வெளியே, வாசல் கப்பில், இந்த வருடத்து ஓலைகளோடு தொங்குகிற கம்பி அது. கிடாரத்தில் சீனிப்பாகு கொதித்து, சிவப்புக் கலந்ததும், விரலகல வெள்ளோலை ஒன்றை அதற்குள் தோய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். இனிப்பின் நடுவே ஓடுகிற சிவப்பும், அது வைக்கிற பனையோலைக் குட்டானின் மூடியிலே ஓடுகிற சிவப்பும் ஒன்றாயிருக்க வேண்டும். அதுதான் அவருடைய அடையாளம். சரியென்றால் ஓலையின் வாலில் திகதியை எழுதிக் கம்பியில் குத்தி வைப்பார். முப்பது வருடத்தில் ஒன்றைக்கூட எறிந்ததில்லை.

"குப்பையோ? ஒரு ஓலையைக் கோழி இழுத்துக்கொண்டு போனதுக்கு மூண்டு நாள் என்னோடை கதையாமல் இருந்தனீங்கள்."

அவர் மிச்சத்தையும் தள்ளக் கையெடுத்தபோது அவள் குனிந்து, நெருப்புக்குள்ளிருந்த கட்டையே பிடித்திழுத்தாள். விரல் சுட்டது. அப்படியே கொண்டுபோய்த் தண்ணீர் வாளிக்குள் போட்டாள். புகை சீறி அடங்கியது.

ஏசுவார் என்று பார்த்தாள். அவர் ஏசவில்லை. துவாயை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் இறங்கிப் போய்விட்டார். ஏசியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

வாளிக்குள் கருகாமல் மிஞ்சியவை பதினொரு ஓலைகள். தண்ணீர் மெல்ல மெல்ல இளஞ்சிவப்பானது. அது அவளுக்குத் தெரிந்த சிவப்பு. அவருடைய வேட்டியில் பட்டால் ஒரு தண்ணீருக்கே போய்விடுகிற, சாப்பாட்டுக்குப் போடுகிற சிவப்பு. நாலு ஓலை வெளுத்துப்போயின.

ஏழு ஓலை வெளுக்கவில்லை.

சவர்க்காரம் போட்டாள். தும்பால் தேய்த்தாள். நகத்தால் சுரண்டினாள். ஓலை கிழிந்ததே தவிரச் சிவப்பு அசையவில்லை. அப்படி நிற்கிறது ஒன்றுதான். பாய்க்கும் பெட்டிக்கும் குட்டானுக்கும் போடுகிற ஓலைச் சாயம்.

வால்களைத் திருப்பி வாசித்தாள். வெளுத்த நாலிலும் தை மாதத் திகதி. வெளுக்காத ஏழில் முதலாவது மாசி ஆறு. கடைசி, பங்குனி பதினெட்டு.

* * *

இந்த வீட்டில் போன கிழமையில் இருந்து என்ன நடக்கிறதென்று சரவணை என்கிற அந்தத் தீவு ஊரில் தெரியாத ஆள் இல்லை.

பங்குனி பத்தொன்பது, புதன்கிழமை, ஊர்ப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் போட்டி. வருடா வருடம் போல ஓடின பிள்ளைக்கும் ஓடாத பிள்ளைக்கும் பரராசசிங்கத்தின் செலவில் ஆளுக்கொரு குட்டான் இனிப்பு. பின்னேரத்துக்குள் பதினொரு பிள்ளைகள் சத்தியெடுத்தன. பத்துப் பிள்ளைகள் மறுநாளே தேறி வீடு வந்துவிட்டன. சதீசனின் ஏழு வயது மகள் மட்டும் இன்னும் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

சுகாதாரப் பரிசோதகர் வந்தார். இனிப்பை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். கொட்டிலைப் பூட்டி அரக்கு வைத்தார். திங்கட்கிழமை முடிவு வந்தது. அந்தச் சிவப்பு உணவுக்குரியதல்ல.

அன்றைக்குப் பரராசசிங்கம் சொன்னது இதுதான். பிழையாகிப் போனது கடைசியாகக் காய்ச்சிய அந்த ஒரு கிடாரம் மட்டும். குட்டான் இழைக்கிற அன்னபூரணம், நிறத்தூள் என்று நினைத்துத் தன்னுடைய ஓலைச் சாயத்தைக் கொட்டிவிட்டாள். தான் கவனிக்கவில்லை. அன்னபூரணமும் ஓமென்று தலையாட்டிவிட்டாள். இன்றைக்கு வெள்ளிக்கிழமை, பின்னேரம் நாலு மணிக்கு, ஊர்காவற்றுறையில் உள்ள சுகாதாரப் பணிமனையில் இருவரும் அதை எழுத்தில் கொடுத்துக் கையெழுத்து வைக்க வேண்டும்.

இன்று விடியும்வரை சத்தியபாமாவும் அதை நம்பியிருந்தாள். அன்னபூரணத்தின் மேலுள்ள கோபத்தில் நாலு நாளாக அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

"அம்மா, புட்டு ஆறுது."

மகன் கோபிசங்கர் ரொறன்ரோவில் இருந்து வந்து மூன்று கிழமை. இனிப்பைப் பெருப்பிக்கிறதென்று வந்தவன். இப்போது அது நின்றுபோகாமல் காப்பாற்றுகிறதென்று போனும் கையுமாக இருக்கிறான். 'எங்கடை குட்டான் இனிப்பு' என்று அவன் திறந்த பக்கத்தில் உலகம் முழுக்க இருக்கிற தீவார் வந்து அழுகிறார்கள்.

"கேளுங்கோ. பாரிசிலை இருந்து ஒருத்தர். 'ஆஸ்பத்திரியிலை என்ரை அம்மா கட்டிலடியிலை ஒளிச்சு வைச்சிருந்த குட்டான் இப்பவும் கண்ணுக்குள்ளை நிக்குது. இதை மூடினால் எங்கடை சின்ன வயசை மூடினமாதிரி.' எழுநூறு பேர் லைக் போட்டிருக்கினம்."

"இஞ்சை இருக்கிற ஆக்கள் ஒருத்தரும் எழுதேல்லையோ?"

"எழுதியிருக்கினம்." அவனுடைய குரல் இறங்கியது. "ஒருத்தர், பல்லைச் சூத்தையாக்கிற சாமான் போய்த் துலையட்டும் எண்டு. பிறகு ஒரு தாய். 'உங்களுக்கு அங்கை கண்ணீர் வருது. எங்கடை பிள்ளைக்கு இஞ்சை சேலைன் ஏறுது. ஞாபகம் வேணுமெண்டால் நீங்கள் வந்திருந்து சாப்பிடுங்கோ.'"

"அதுக்கு எத்தினை பேர்?"

"பதினாலு."

கொஞ்ச நேரம் புட்டைப் பிசைந்தான். பிறகு சிரிக்கப் பார்த்தான். "நல்லகாலம், கனடாக்காரர் தப்பிச்சினம். உங்கடை மருமோள் நிலாந்தி பேஸ்மென்டிலை வைச்சிருக்கிற முன்னூறு குட்டானும்தான் இனி உலகத்திலையே மிச்சம். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூடலிலை எல்லாப் பிள்ளையளுக்கும் ஒவ்வொண்டு."

சத்தியபாமா கறிச்சட்டியை இறக்கி வைத்தாள்.

"அது எப்ப தம்பி இஞ்சை இருந்து போனது?"

"மாசிக் கடைசியிலை. நீங்கள்தானே அம்மா பெட்டி கட்டினது."

ஓம். அவள்தான் கட்டினாள். மாசி முழுக்கக் காய்ச்சிய இனிப்பு. ஒரு கிடாரம்தான் பிழை என்று எழுதிக் கையெழுத்து வைத்தால், அந்த முன்னூறும் நல்ல இனிப்பு. ஒருவரும் தேட மாட்டார்கள். ஒருவரும் தடுக்க மாட்டார்கள்.

* * *

பரராசசிங்கம் கொட்டில் வாசலில், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் இருந்தார். முதுகுக்குப் பின்னால் அரக்கு வைத்த பூட்டு. சுவரில் அடித்திருக்கிற இரும்புக் கொளுக்கியில் பாகை மாட்டி இழுத்து இழுத்தே காய்த்துப்போன கைகள் மடியில் சும்மா கிடந்தன.

ஏழு ஓலையையும் அவருடைய மடியில் வைத்தாள்.

"கழுவிப் பாத்தனான்."

"உமக்கு வேறை வேலை இல்லையோ?"

"இருந்தது. கறியை இறக்கிப்போட்டு வந்தனான்."

அவர் ஓலைகளைத் தொடவில்லை. வேலிக்கு அப்பால் யாருடைய மாடோ கத்தியது. அது கத்தி முடிக்கும்வரை காத்திருந்தார்.

"நகக்கண் அளவு. ஒரு கிடாரத்துக்கு நகக்கண் அளவு. அதுக்கு மேலை போடேல்லை. கடைசிக் கிடாரத்திலைதான் கை கொஞ்சம் தவறீட்டுது."

"ஏன் போட்டனீங்கள்?"

"கேட்டவங்கள்." முதல்தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "உம்மடை மோன் தையிலை கனடாவிலை இருந்து போன் எடுத்து வாசிச்சுக் காட்டினவன். தெற்கிலை மாத்தறைக் கடையிலை என்ரை அப்பு காய்ச்சின காலத்துச் சிவப்பு இப்ப இல்லையாம். ருசி இருக்காம், அந்தச் சிவப்பைக் காணேல்லையாம். வெளுத்துப்போச்சாம். கனடாவிலை ஒருத்தன் எழுத, நானூறு பேர் ஓமெண்டு கைதூக்கியிருக்கிறாங்கள். எண்பத்திமூண்டுக் கலவரத்திலை அந்தக் கடை எரிய, உடுத்த உடுப்போடை கப்பலேறி வந்தனான். கொண்டுவந்தது இந்தக் கைப்பழக்கம் ஒண்டுதான். அதையும் வெளுத்துப்போச்சு எண்டால்?"

"உங்களுக்குப் பிழை எண்டு தெரியும்."

"அந்தக்காலத்திலை போட்டதும் என்ன, பூவிலை பிழிஞ்ச சாறோ? அதைத் திண்டு வளந்தவைதான் இப்ப அங்கை இருந்து எழுதினம்."

"அன்னத்தின்ரை பேரை ஏன் சொன்னனீங்கள்?"

"அவவுக்கு என்ன செய்யப்போகினம்? அறியாமல் போட்டிட்டா எண்டு ஒரு தண்டத்தோடை விடுவினம். நான் எண்டால் கொட்டிலைப் பூட்டிப்போடுவினம்."

"கொட்டில் பூட்டித்தானே கிடக்கு."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. எழும்பினார். ஓலைகள் மண்ணில் விழுந்தன.

"இஞ்சரும், அவ ஓமெண்டிட்டா. நான் ஓமெண்டிட்டன். பரிசோதகரும் ஓமெண்டிட்டார். நீர் மட்டும் என்னத்துக்கு வாளியையும் தும்பையும் தூக்கிக்கொண்டு திரியிறீர்?"

"கனடாவுக்குப் போனது?"

"அது போயாச்சு. நகக்கண் அளவிலை ஒண்டும் நடக்காது."

"சதீசன்ரை பிள்ளை?"

அவர் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். சத்தியபாமா குனிந்து ஓலைகளைப் பொறுக்கினாள். ஒவ்வொன்றாக மண்ணைத் தட்டினாள். அவர் தடுக்கவில்லை. உதவவுமில்லை.

* * *

அன்னபூரணத்தின் வீட்டுக்குக் கூப்பிடு தூரம். குடை பிடித்துக்கொண்டு போனாள். வெயில் மண்டையைப் பிளந்தது.

அன்னபூரணம் விறாந்தையில் காலை நீட்டியிருந்து கத்தியால் ஓலை வார்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் பாதி இழைத்த குட்டான்கள். யாருக்கு?

"வாங்கோ அக்கா. இண்டைக்குத்தான் பாதை தெரிஞ்சுதோ?"

சத்தியபாமா அந்தப் பேச்சை வாங்கிக்கொண்டாள். சொல்லட்டும். சொல்ல உரிமை இருக்கிறது.

"அன்னம், மாசியிலை நீர் எங்கை நிண்டனீர்?"

"என்ன கேள்வி இது? நெடுந்தீவிலை. மோள் கோபிகாவின்ரை பிள்ளைப்பெறு பாக்கப் போனனான். மாசி ரெண்டிலை போய்ப் பங்குனி ஒண்டிலை வந்தனான். நீங்கள்தானே பத்தியச் சரக்கு இடிச்சுத் தந்து விட்டனீங்கள்."

ஓலைகளை நீட்டினாள். அன்னபூரணம் வாங்கவில்லை. ஒரு பார்வை பார்த்தாள். வார்கிற கை நிற்கவேயில்லை.

"இதை இப்பதான் கண்டனீங்களோ?"

"உமக்குத் தெரியுமோ?"

"நான் வந்து பாத்தால் உங்கடை கொட்டிலிலை வைச்சிட்டுப் போன என்ரை சாயத்தூள் சுத்தின சரையிலை அரைவாசியைக் காணேல்லை. அண்ணையின்ரை நகக்கண்ணிலை சிவப்பு. ஓலை இழைக்கிறவளுக்கு ஓலைச் சாயத்தைத் தெரியாதே அக்கா?"

"பின்னை ஏன் ஓமெண்டனீர்?"

அன்னபூரணம் சிரித்தாள். சந்தோசச் சிரிப்பல்ல.

"பெட்டி, சுளகு ஆர் வாங்கினம் இப்ப? எல்லாம் பிளாஸ்ரிக். இனிப்பு நிண்டால்தான் என்ரை குட்டான் நிக்கும். நான் போட்டனான் எண்டால் ஒரு பேச்சோடையும் ஒரு தண்டத்தோடையும் போம். அண்ணை போட்டவர் எண்டால் அந்தக் கொட்டில் இனித் திறவாது. எனக்கு எது நல்லம் எண்டு நீங்களே சொல்லுங்கோ."

"சதீசன்ரை பெண்சாதி உம்மைக் கண்டு துப்பினவளாம்."

"துப்பினவள்தான். துடைச்சுப்போட்டு வந்தனான்."

பூட்டின கொட்டிலுக்கு இந்த மனுசி இன்னும் குட்டான் இழைத்துக்கொண்டிருக்கிறாள். என்றைக்கோ ஒரு நாள் திறக்குமென்று. உண்மையைச் சொன்னால் தன்னுடைய புருசன் மட்டுமல்ல, இவளும் விழுவாள். சொல்லாமல் விட்டால் எல்லோரும் நிற்பார்கள். சதீசனின் பிள்ளையைத் தவிர. அந்த முன்னூறு பிள்ளைகளைத் தவிர.

"அன்னம், கனடாவுக்குப் போனதும் மாசியிலை காய்ச்சினதுதான்."

கத்தி நின்றது.

"அண்ணை அது தையிலை காய்ச்சினது எண்டவர். நான் கேட்டனான். அதைத்தான் முதல் கேட்டனான்."

"இல்லை. நான் பெட்டி கட்டினனான்."

"முன்னூறுமோ?"

"முன்னூறும்."

அன்னபூரணம் கத்தியைக் கீழே வைத்தாள். தன்னுடைய உள்ளங்கைகளைப் பார்த்தாள்.

"அந்தக் குட்டான் நெடுந்தீவிலை இருந்து இழைச்சு லோஞ்சிலை குடுத்துவிட்டது. பேத்தியைக் காலிலை போட்டு ஆட்டி ஆட்டி இழைச்சனான். தூரத்துக்குப் போறதெண்டு நல்ல இறுக்கமா இழைச்சனான் அக்கா."

முற்றத்துக் கோழி விறாந்தையில் ஏறி, ஒரு குட்டானைக் கொத்திப் பார்த்துவிட்டு இறங்கியது.

"நான் நாலு மணிக்கு அங்கை நிப்பன்," என்றாள் கடைசியில். "கையெழுத்து வை எண்டால் வைப்பன். நீங்கள் என்னத்தைச் செய்யிறியளோ செய்யுங்கோ. என்னட்டைக் கேட்டுக்கொண்டு மட்டும் செய்யாதையுங்கோ. கேட்டால் நான் வேண்டாம் எண்டுதான் சொல்லுவன்."

* * *

கோபிசங்கரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து போகையில், நாரந்தனை தாண்டியதும் சத்தியபாமா அவனுடைய தோளில் தட்டினாள். "உதிலை நிப்பாட்டு தம்பி."

வெட்டைவெளி. ஒரு பக்கம் வற்றிப்போன தரவை நிலம், மற்றப் பக்கம் தலையில்லாத பனைகள் நாலைந்து. அங்கே வைத்துச் சொன்னாள். ஒன்றும் மறைக்கவில்லை. ஓலைகளையும் காட்டினாள்.

அவன் உடனே போனை எடுத்து மனைவிக்கு அடித்தான். மணி போனது. எடுக்கவில்லை. திரும்ப அடித்தான்.

"அங்கை இப்ப விடியக்காலமை ஆறு மணியாகேல்லை. சத்தத்தை நிப்பாட்டிப்போட்டுத்தான் படுப்பாள்." உதட்டைக் கடித்தான். "அம்மா, அவசரப்படாதையுங்கோ. எழும்பினதும் பெட்டியோடை தூக்கிக் குப்பையிலை போடச் சொல்லுறன். நனைஞ்சு பழுதாப்போச்சு எண்டு ஆக்களுக்குச் சொல்லலாம். அப்பான்ரை பேர் ஏன் வெளியாலை வரவேணும்? அங்கை எல்லாருக்கும் என்னைத் தெரியும்."

"கடைசிக் குட்டான் எண்டு எழுதிப்போட்டாய். நனைஞ்சு போச்சு எண்டால் எறிவினமோ? காயவைச்சு எடுத்து வைப்பினம். பிள்ளைக்கு ஒரு துண்டு நக்கக் குடுப்பினம். நீதானே வாசிச்சுக் காட்டினாய், எழுநூறு பேர்."

அவன் போனைச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

"சிவப்பைக் காணேல்லை எண்டு முதல் எழுதினது ஆர்?"

அவன் தரவையைப் பார்த்தான்.

"கொப்பர் சொன்னவர், கனடாவிலை ஒருத்தன் எழுதினவன் எண்டு. எனக்கு அந்த ஆளோடை கதைக்கவேணும்."

"நான்தான் அம்மா."

காற்று அவளுடைய முந்தானையைப் பிடித்திழுத்தது.

"வேறை பேரிலை எழுதினனான். ஆக்கள் கதைக்கட்டும் எண்டு. சும்மா ஒரு கதைக்கு. அப்பா அதைப் பெரிசா எடுப்பார் எண்டு நான் நினைக்கேல்லை."

சத்தியபாமா மகனை அடித்து இருபத்தைந்து வருடம் இருக்கும். கை உயர்ந்தது. உயர்ந்த கை அவனுடைய சட்டையில் ஒட்டியிருந்த புழுதியைத் தட்டிவிட்டுத் திரும்பி வந்தது.

"விடு. நாலு மணியாகப்போகுது."

* * *

பணிமனைக்குள் மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. வாங்கில் அன்னபூரணம் வெளிக்கிட்டு வந்து இருந்தாள். வெள்ளைச் சேலை. கலியாணவீட்டுக்கும் செத்தவீட்டுக்கும் உடுக்கிற ஒரே சேலை. சத்தியபாமாவைக் கண்டதும் சுவரிலே மாட்டியிருந்த டெங்கு நுளம்புப் படத்தைப் பார்க்கத் தொடங்கினாள்.

பரிசோதகர் ரஜீபன் சின்னப் பெடியன். முப்பது வயது வராது. மரியாதையாக எழும்பினான்.

"வாங்கோ அம்மா. ஐயா வரேல்லையோ?"

"நான் வந்திருக்கிறன் தம்பி. கொஞ்சம் தண்ணி தாங்கோ."

குடிக்கவென்று நினைத்துக் கொடுத்தான். சத்தியபாமா தைமாத ஓலை ஒன்றையும் மாசி ஓலை ஒன்றையும் அவனுடைய தேத்தண்ணிப் பீரிசுத் தட்டில் வைத்து அந்தத் தண்ணீரை ஊற்றினாள். காலையில் வெளுத்ததில் மிச்சம் நின்ற சிவப்பும் கரைந்து பீரிசின் ஓரத்துக்கு ஓடியது. மற்றது அசையாமல் கிடந்தது.

அவன் கெட்டிக்காரன். இரண்டாம் முறை கேட்கவில்லை. மிச்ச ஓலைகளை இழுத்து, திகதிகளை வாசித்தான். வாசிக்க வாசிக்கக் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டான்.

"ஏழு கிடாரமோ?"

"எரியாமல் மிஞ்சினது ஏழு. மாசி ஆறிலை இருந்து. சதீசன்ரை பிள்ளை ஒரு நாள் திண்ட இனிப்பிலை விழேல்லை. ஒண்டரை மாசமாத் திண்டிருக்கும். பள்ளிக்கூடத்துக்குப் போற வழியிலை எங்கடை வீட்டுக்கு வாறது அது. அதை டொக்டருக்குச் சொல்லுங்கோ. கனடாவுக்கும் முன்னூறு போயிருக்கு. என்ரை மோன் வெளியிலை நிக்கிறான். விலாசம் தருவான்."

ரஜீபன் உடனே போனை எடுத்து ஆஸ்பத்திரிக்கு அடித்தான். நாலு வசனம். வைத்துவிட்டுப் புதுத்தாள் ஒன்றை எடுத்தான். பழைய தாள் மேசையில் அப்படியே கிடந்தது. அதில் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

"மாசியிலை அன்னபூரணம் அக்கா ஊரிலை இல்லை. அப்பிடியோ?"

"ஓம்."

"அப்ப சாயத்தைப் போட்டது ஆர்?"

"இவர்."

"எவர் அம்மா?"

"பிள்ளையின்ரை அப்பா."

"விளங்குது. ஆனா பேரை எழுதவேணும்."

சத்தியபாமா சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். ரஜீபனும் தீவான்தான். அவனுடைய தாயும் அப்படித்தான் இருந்திருப்பாள். குரலைத் தணித்து, பேனையை அவள் பக்கம் உருட்டினான்.

"வாயாலை சொல்லக் கஷ்டமெண்டால் எழுதித் தாங்கோ அம்மா. பறவாயில்லை."

பேனையை எடுத்தாள். கலியாணம் முடித்து நாற்பத்துமூன்று வருடம். பங்கீட்டு அட்டைக்கு, அகதிப் பதிவுக்கு, பள்ளிக்கூடப் படிவத்துக்கு, எல்லாவற்றுக்கும் எழுதித்தான் கொடுத்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி சொல்லிக் கொடுப்பாள். பிள்ளை சொல்லிக் கொடுக்கும். ஒரு தடவையும் அவளுடைய நாக்கில் அந்தப் பெயர் ஏறியதில்லை.

கண் பழைய தாளில் விழுந்தது. அன்னபூரணம், அன்னபூரணம், அன்னபூரணம். மூன்று இடத்தில். அந்தப் பெயரை இவர் எவ்வளவு சுகமாகச் சொன்னார். இதே மேசைக்கு முன்னால், நாலு பேர் கேட்க.

அவள் பேனையை வைத்தாள். வாங்கில் இருக்கிறவளுக்கும் கேட்க வேண்டும்.

"பரராசசிங்கம்," என்றாள். "வேலுப்பிள்ளை பரராசசிங்கம்."

பின்னால் அன்னபூரணம் மூச்சை இழுத்தது கேட்டது.

ரஜீபன் எழுதினான். சத்தியபாமா தலையைத் திருப்பினாள். திறந்திருந்த யன்னலுக்கு வெளியே, ஓரெட்டுத் தூரத்தில், சைக்கிளின் கைபிடியைப் பிடித்தபடி அவர் நின்றார். தோய்த்த வேட்டி, நெற்றியில் திருநீறு. கையெழுத்து ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க, இந்த வெயிலில் சரவணையில் இருந்து மிதித்து வந்திருக்கிறார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. தன்னுடைய பெயரைக் கேட்டுவிட்டார் என்பது மட்டும் தெரிந்தது.

அவர் சைக்கிளைத் திருப்பினார். வீட்டுப் பக்கமல்ல, படகுத்துறைப் பக்கம்.

"இஞ்சருங்கோ," என்று எழும்பினாள். சைக்கிள் நிற்கவில்லை.

வாசலில் நின்ற கோபிசங்கரைத் தாண்டித்தான் சைக்கிள் போனது. அவன் தகப்பனைக் காணவில்லை. போன் காதில் இருந்தது. அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

"நிலாந்தி, பேஸ்மென்டிலை இருக்கிற அந்தப் பெட்டியை..." என்று தொடங்கினான். நிறுத்தினான். "எப்ப குடுத்தனீர்? எந்தப் பிள்ளையளுக்கு?"

அவன் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி, படியில் மெல்லக் குந்தினான்.